ஒட்டோமான் பேரரசு துருக்கிக் குடியரசானது முஸ்தபா கெமால் (பின்னாளில் அத்தாதுர்க்) என்ற ஒருவரால் மட்டும்தானா?

இல்லை. கெமாலின் பங்கைக் குறைத்துச் சொல்லவில்லை, முதல் உலகப் போருக்குப் பின் நடந்த விடுதலைப் போரை ஜெயித்ததில் அவர் பங்கு பெரியது. ஆனால் குடியரசை நடத்திய ஆட்களும் நாடாளுமன்றப் பழக்கமும் பேரரசுக்குள்ளேயே உருவானவை. 1876-லேயே அரசியல் சட்டம் வந்துவிட்டது. இரண்டே வருடத்தில் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது அதை முடக்கிப்போட்டார், 1908-ல் இளம் துருக்கியர் என்ற சீர்திருத்த அணியினர் நெருக்கி மறுபடி கொண்டுவர வைத்தார்கள். கெமாலும் ஒட்டோமான் ராணுவப் பள்ளியில் படித்து வந்த அதிகாரிதான்.

1920 மார்ச்சில், உலகப் போரில் வென்ற நேச நாடுகள் இஸ்தான்புல்லை முறைப்படி ஆக்கிரமித்ததும், அங்கிருந்த நாடாளுமன்ற உறுப்பினர்கள் பலர் தப்பித்து அங்காரா வந்து சேர்ந்தார்கள். ஏப்ரல் 23, வெள்ளிக்கிழமை. ஹாஜி பைராம் பள்ளிவாசலில் தொழுதுவிட்டுத்தான் புதிய சபையைத் திறந்தார்கள். கட்டடம் இளம் துருக்கியரின் கட்சி தன் கிளப்புக்காகக் கட்ட ஆரம்பித்தது, உட்காரப் பள்ளிக்கூடத்து பெஞ்சுகள். அந்தச் சபை அன்றைக்குச் சொன்ன நோக்கம் சுல்தானையும் கிலாஃபத்தையும் (முஸ்லிம் உலகின் தலைவரான கலீஃபாவின் பதவி) அந்நியர் பிடியிலிருந்து மீட்பது! அப்போதைய சுல்தானின் அரசோ மே மாதம் கெமாலுக்கு மரண தண்டனை விதித்தது, ஆகஸ்டில் நாட்டைக் கூறுபோடும் செவ்ரே ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டது. அரண்மனை மேல் மிச்சமிருந்த மரியாதை அங்கேதான் போனது என்பேன்.

அப்புறமும் படிப்படியாகத்தான். 1922 நவம்பர் 1-ல் சுல்தான் பதவி ஒழிந்தது, 1923 அக்டோபர் 29-ல் குடியரசு, கலீஃபா பதவி மட்டும் 1924 மார்ச் 3 வரை நீடித்தது. கடைசி கலீஃபா இரண்டாம் அப்துல் மஜீதை, கூட்டம் கூடிவிடும் என்று இஸ்தான்புல் ரயில் நிலையத்தைத் தவிர்த்து, விடிவதற்குள் காரில் கிளப்பி ஊருக்கு வெளியே சத்தால்ஜாவில் ரயிலேற்றி அனுப்பினார்கள். இந்தியாவில் கிலாஃபத் இயக்கம் நடத்தியவர்களுக்கு அது பேரிடி.

பலரும் தொடாமல் விடும் விஷயம் ஒன்று இருக்கிறது. 1923-ல் கிரேக்கத்தோடு மக்களை மாற்றிக்கொண்டபோது மதம்தான் ஒரே அளவுகோல். கல்லறைக் கல்லில்கூடத் துருக்கி மொழியைக் கிரேக்க எழுத்தில் பொறித்துவந்த கரமான்லி கிறிஸ்தவர்கள், பேசத் தெரியாத கிரேக்க மொழியின் நாட்டுக்குப் போனார்கள். கிரேக்க மொழி பேசிய கிரீட் தீவு முஸ்லிம்கள் துருக்கிக்கு வந்தார்கள். கிரேக்கத்துக்குப் போனவர்கள் சுமார் 12 லட்சம், துருக்கிக்கு வந்தவர்கள் சுமார் 4 லட்சம். ஆர்மீனியர்களை அதற்கு முன்பே, 1915-லிருந்து, ஒட்டோமான் ஆட்சியாளர்கள் கொன்றும் பாலைவனத்துக்கு விரட்டியும் அழித்திருந்தார்கள். ஐரோப்பியத் தொப்பி போடச் சொன்ன தொப்பிச் சட்டம், அரபு எழுத்துக்குப் பதில் வந்த லத்தீன் எழுத்து என்று கெமாலின் சீர்திருத்தங்களை மட்டும் பேசி இந்த மக்களை விட்டுவிடுவது எனக்குச் சுத்தமாகப் பிடிப்பதில்லை.