தாமிரத்தின் வரத்தையும் தேவையையும் முன்கூட்டியே கணிப்பது எப்படி?

அடுத்த ஆண்டு தாமிரம் மிஞ்சுமா, பற்றாக்குறையா என்று கணிக்க எங்கே தொடங்குவது என்பது கேள்வி.

சுரங்கத்திலிருந்து தொடங்குங்கள். நிறுவனங்கள் அறிவிக்கும் உற்பத்தி இலக்குகளை அப்படியே கூட்டினால் தொகை பெருத்துவிடும். வேலைநிறுத்தம், வறட்சி, தாதுவின் தரச் சரிவு என ஏதாவது வந்தே தீரும். அதனால் 5 சதவீதம் வரை கழித்துக்கொள்வது ஆய்வாளர்களின் வழக்கம். 2023 இறுதியில் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் பனாமா நாட்டின் பெரிய தாமிரச் சுரங்கமான கோப்ரே பனாமா மூடப்பட்டதில், உலகச் சுரங்க உற்பத்தியில் ஒரு சதவீதத்துக்கு மேல் ஒரேயடியாகக் குறைந்தது.

அடர்தாதுவுக்கும் (தாதுவை அரைத்துச் செறிவூட்டிய, உருக்காலைக்குப் போகும் பொடி) சுத்திகரித்த உலோகத்துக்கும் தனித்தனிக் கணக்கு வையுங்கள். அடர்தாதுவை உலோகமாக்க உருக்காலைகள் சுரங்கங்களிடம் வாங்கும் பதப்படுத்தும் கட்டணம் சரிந்தால், அடர்தாதுவுக்குத் தட்டுப்பாடு என்று பொருள். அப்போதும் உலோகம் தாராளமாகக் கிடைக்கலாம்.

தேவையைப் பலரும் உற்பத்தியோடு இறக்குமதியைக் கூட்டி, ஏற்றுமதியையும் இருப்பு உயர்வையும் கழித்துப் பெறுகிறார்கள். வழுக்குவது இங்கேதான். லண்டன், ஷாங்காய் உலோக வணிகச் சந்தைகளின் கிடங்குகளில் உள்ள இருப்பு வெளியே தெரியும். தனியார் கிடங்குகளில் இருப்பது முழுதாகத் தெரியாது. அங்கே குவிந்த உலோகமும் 'நுகர்வு' என்றே கணக்கில் ஏறிவிடும். எனவே மின்கம்பி, கட்டடம், குளிர்சாதனம், மின்வாகனம் எனத் துறைவாரியாகவும் கூட்டி ஒப்பிட்டே ஆக வேண்டும்.

மறுபடி உருக்கிப் பயன்படுத்தும் பழைய உலோகத்தை நிலையான எண்ணாக வைக்காதீர்கள். விலை ஏறினால் அதன் வரத்தும் ஏறும்.

உபரி என்பது வரத்து, தேவை என்ற இரு பெரிய எண்களின் சிறு வித்தியாசம். ஆண்டுக்குச் சுமார் 2.7 கோடி டன் சந்தையில் தேவையை 1 சதவீதம் தவறாகக் கணித்தாலே 2.7 லட்சம் டன் பிசகும். உபரி பற்றாக்குறையாக மாற அது போதும். ஒற்றை எண்ணைச் சொல்லாமல் வரம்பாகவே சொல்லுங்கள்.