புதர் மண்டிய கொறங்காட்டு வேலி: கேள்வி பதில்

காங்கயம், தாராபுரம், மூலனூர் பக்கம் கொறங்காடு (வேலியடைத்த மேய்ச்சல் காடு) வைத்து மாடும் செம்மறியும் மேய்ப்பவர்கள், வேலி பற்றிச் சந்தேகம் இருந்தால் எழுதுங்கள் என்று சொல்லியிருந்தேன். வேலி பிரிப்பதும் கட்டுவதும்தான் என் தொழில். வெளியூரிலிருந்தும் நிறையக் கேட்டிருக்கிறார்கள். பதில்களில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்: பழைய கம்பியைப் பிரிக்கும்போது ஒரு துண்டுகூட மேய்ச்சல் நிலத்தில் கிடக்கக் கூடாது.

மூலனூர்: அப்பா காலத்துக் கிளுவைச்செடி உயிர்வேலிங்க அண்ணா. பல வருசமாக யாரும் கவனிக்கவில்லை. மேலே மரமாகிவிட்டது, அடியில் ஆட்டுக்குட்டி நுழையும் அளவுக்குச் சந்து. நடுவில் சீமைக்கருவேலம், அதன் மேல் கோவைக்கொடி, பிரண்டை. எங்கிருந்து தொடங்குவது?

முதலில் அரிவாளை வைத்துவிட்டு வேலியோரம் ஒரு சுற்று நடந்து வாருங்கள் தம்பி. கையில் கொஞ்சம் சுண்ணாம்பு இருக்கட்டும். உயிரோடு இருக்கும் கிளுவைக்கெல்லாம் ஒரு கோடு போடுங்கள். கோடையில் கிளுவை இலை உதிர்த்து நிற்பதால் பட்டதுபோலத் தெரியும். நகத்தால் பட்டையைக் கீறினால் உள்ளே பச்சை இருக்கும். செத்துப்போன வேலி என்று நினைத்தால், பாதிக்கு மேல் உயிரோடுதான் இருக்கும்.

அடுத்து கொடி. கொடியை மேலிருந்து இழுக்காதீர்கள், கிளுவைக் கிளையும் சேர்ந்து முறிந்து வரும். அடியில் அறுத்துவிட்டு ஒரு வாரம் காயவிட்டால் தானாக உதிரும். குன்றிமணிக் கொடி இருந்தால் அதன் காயை மட்டும் தனியாகப் பறித்துப் பத்திரமாக அழித்துவிடுங்கள். விதை கடிபட்டால் மாட்டுக்கு விஷம், குழந்தைகளுக்கும்தான். உங்கள் பக்கம் வேலியில் கண்வலிக்கிழங்கும் ஏறியிருக்கும். தோண்டும்போது கிழங்கு வெளியே வந்தால் ஆடு கடிக்குமுன் எடுத்துவிடுங்கள்.

மூன்றாவது சீமைக்கருவேலம். இதைத் தரையோடு வெட்டுவது வீண்வேலை. வெட்டிய இடத்திலிருந்து பத்துக் கிளை வெடித்து வரும். துளிர்க்கும் மொட்டுகள் தரைக்குச் சற்றுக் கீழே அடிக்கட்டையில் இருக்கின்றன. ஆகவே ஒரு அடி ஆழம் தோண்டி, அதற்குக் கீழே வேரை வெட்டி, கட்டையை முழுதாக எடுக்க வேண்டும். மழை பெய்து மண் நெகிழ்ந்திருக்கும்போது செய்தால் பாதி உழைப்புதான்.

கடைசியாகக் கிளுவை. மரமாகிவிட்டதை இடுப்பு உயரத்தில் வெட்டுங்கள், அடியிலிருந்து துளிர்த்து அடர்ந்து வரும். வெட்டிய கிளையை எரித்துவிடாதீர்கள், சந்தில் நடுவதற்கு அதுதான் போத்து. கட்டைவிரல் பருமனிலிருந்து மணிக்கட்டுப் பருமன் வரை இருப்பதை மூன்று நான்கு அடிப் போத்தாக நறுக்கி, சில நாள் நிழலில் போட்டு வெட்டுவாயை ஆறவிட்டு, முக்கால் அடியிலிருந்து ஒரு அடி ஆழத்தில் நெருக்கமாக நடுங்கள். ஒன்று இப்படியும் அடுத்தது அப்படியும் சாய்த்து, குறுக்கே ஒரு கழி வைத்துக் கட்டிவிட்டால் பின்னிக்கொண்டு வளரும். இலை இல்லாத கோடையில் வெட்டி, கோடை மழைக்கு முன்னால் நட்டுவிட வேண்டும். தண்ணீர் தேக்கினால் அழுகிவிடும். முதல் வருடம் முழுக்க ஆடு அண்டாமல் வெள்வேல் முள்ளை வெட்டி அடைத்து வையுங்கள்.

இவ்வளவையும் ஒரே வருடத்தில் நான்கு பக்கமும் செய்ய வேண்டாம். வருடத்துக்கு ஒரு பக்கம் போதும். மாடும் வெளியே போகாது, போத்தும் உங்கள் வேலியிலேயே கிடைத்துக்கொண்டிருக்கும்.

கன்னிவாடி: பக்கத்துக் காட்டுக்காரர் வேலி தன் நிலத்தில் இருக்கிறது என்கிறார். பிரித்துவிட்டுத் தள்ளிக் கட்டலாமா?

அளக்காமல் ஒரு முள்ளைக்கூட அசைக்காதீர்கள். புல வரைபடம் எடுத்து, நில அளவைக்கு விண்ணப்பித்து, சர்வேயர் வந்து கல்லைக் காட்டிய பிறகுதான் வேலை. வழக்கு வரும்போல இருந்தால் வக்கீலைப் பாருங்கள், அது என் துறை இல்லை.

பல்லடம்: துருப்பிடித்த முள்கம்பியை எப்படிப் பிரிப்பது? மரத்துக்குள் புதைந்து கிடக்கிறது.

இறுக்கமான கம்பியை நடுவில் வெட்டாதீர்கள். துண்டானதும் சுருண்டு முகத்துக்கு வரும். மூலைக்காலில் கட்டை அவிழ்த்து, கல்லுக்கால் உங்களுக்கும் கம்பிக்கும் நடுவில் இருக்கும்படி நின்று, மெதுவாகத் தளர்த்துங்கள். தோல் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி இரண்டும் வேண்டும். ரண ஜன்னித் தடுப்பூசி போட்டு நாளாகியிருந்தால் டிடி ஊசி போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

மரம் விழுங்கிய கம்பியைத் தோண்டி எடுக்க முயல வேண்டாம். இரண்டு பக்கமும் பட்டையை ஒட்டி வெட்டிவிட்டு, அந்த மரத்தில் சிவப்புப் பெயிண்ட்டில் ஒரு வளையம் போடுங்கள். பின்னாளில் மரம் அறுக்க வருபவன் ரம்பத்தை அங்கே வைக்க மாட்டான்.

இனி நான் ஓயாமல் சொல்லும் விஷயம். ஆடு உதட்டால் பொறுக்கித் தின்னும். மாடு நாக்கால் வளைத்து வாரி, மெல்லாமல் விழுங்கும். அதனால் புல்லோடு கிடக்கும் இரண்டு அங்குலக் கம்பி நேரே உள்ளே போகும். அது இரண்டாவது இரைப்பையில் தங்குகிறது. அதற்கும் இதயத்துக்கும் நடுவில் மெல்லிய தடுப்புதான். மாடு சினையாகி வயிறு அழுத்தும்போதோ, ஈனும்போது முக்கும்போதோ கம்பி அந்தத் தடுப்பைக் குத்தி இதய உறை வரை போய்விடும். இதயம் சீழ் கட்டிய பிறகு காப்பாற்றுவது மிகக் கடினம்.

ஆகவே கம்பியைத் துண்டு துண்டாக நறுக்காமல் நீளமாகவே உருட்டிச் சுருணையாக்குங்கள். நறுக்கித்தான் ஆக வேண்டுமென்றால் கீழே சாக்கு விரித்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் பழைய ஸ்பீக்கரில் இருக்கும் காந்தத்தைக் கழற்றி, கயிற்றில் கட்டி, வேலி இருந்த தடத்தில் மெதுவாக இழுத்துக்கொண்டு நடங்கள். ஒவ்வொரு பத்தடிக்கும் நின்று காந்தத்தைத் துடைத்துப் பாருங்கள். துருத்தூளோடு முள் முள்ளாக எவ்வளவு ஒட்டிவருகிறது என்று பார்த்தால் அடுத்த முறை யாரும் சொல்ல வேண்டியதில்லை.

திண்டுக்கல்: சீமைக்கருவேலத்துக்கு டீசல் ஊற்றினால் போதாதா?

மேய்ச்சல் நிலத்தில் டீசல் வேண்டாம். தோண்டுங்கள்.

வெள்ளகோவில்: கிளுவை எல்லாம் அந்தக் காலம். நான் ஜேசிபி விட்டு நாலு பக்கமும் வழித்துவிட்டுக் கல்லுக்கால் நட்டு முள்கம்பி இழுத்துவிட்டேன். ஒரே வாரம். நீங்கள் ஏன் எல்லாரையும் நாலு வருசம் காக்க வைக்கிறீர்கள்?

உங்கள் வேலி நன்றாகவே இருக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் கணக்கு முழுதாகப் போட வேண்டும். சதுரமான 4 ஏக்கர் காட்டுக்குச் சுற்றளவு ஏறக்குறைய 1,670 அடி. பத்தடிக்கு ஒரு கால் என்றால் 167 கால், மூலைக்கும் இடைக்கும் முட்டுக்கால் தனி. ஐந்து வரிசைக் கம்பி 2,500 மீட்டருக்கு மேல். பணத்தைச் சேமிக்க 14 கேஜ் வாங்கினால் அது 2 மில்லிமீட்டர் கனம்தான், சீக்கிரம் துரு தின்றுவிடும். 12 கேஜ் இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல், விலையும் அதற்கேற்ப.

பணம் இருப்பவர் போடட்டும். ஜேசிபி வழித்தெடுத்ததுதான் எனக்கு வருத்தம். வேலிக்கரையில் பல காலமாகக் காற்று கொண்டுவந்து சேர்த்த நல்ல மண் இருக்கிறது. நம் செம்மண் சரளைக் காட்டில் கொழுக்கட்டைப்புல் முதலில் துளிர்ப்பதும் கடைசியில் காய்வதும் அந்தக் கரையோரம்தான். அதைச் சுரண்டிப் புரட்டினால் புல் போகும், பல வருடமாக மண்ணில் உறங்கிக்கிடக்கும் சீமைக்கருவேல விதை மேலே வரும். அடுத்த மழைக்குப் பிறகு உங்கள் கம்பிக்கு அடியில் என்ன முளைக்கிறது என்று பாருங்கள்.

மறுபடி வெள்ளகோவில்: முளைத்தால் பிடுங்கிக்கொள்வேன். வேலி வெட்ட ஆள் எங்கே கிடைக்கிறார்கள்? அதோடு கிளுவை ரெண்டு பக்கமும் எவ்வளவு இடத்தைத் தின்கிறது?

ஆள் கிடைக்காதது உண்மை. இடம் போவதும் உண்மை: நான்கடி அகலம் என்று வைத்தால் 4 ஏக்கரில் 15 சென்ட் போகிறது. ஆனால் அது கவனிக்காமல் விட்ட வேலியின் அகலம். வருடா வருடம் கழித்துவிட்டால் இரண்டரை அடிக்குள் நிற்கும். அந்த இடமும் சும்மா கிடப்பதில்லை. துளிரைச் செம்மறி கடிக்கிறது, ஆடிக் காற்றில் புழுதி பறக்காமல் தடுக்கிறது. முள்கம்பியில் மாட்டுக்கு மடி கிழியும், இதில் கிழியாது. காங்கயம் மாடு வளர்ந்த நிலமே வெள்வேல், கொழுக்கட்டைப்புல், கிளுவை வேலி மூன்றும் சேர்ந்ததுதான். ஒன்றை எடுத்தால் மற்ற இரண்டும் தேயும் என்பது என் கருத்து.

தாராபுரம்: வெள்ளகோவில்காரர் சொல்வதுதான் சரி. புதருக்குள் பாம்பு, எலி. கம்பி வேலியில் எல்லாம் கண்ணுக்குத் தெரியும்.

சென்னிமலை: கம்பி போட்டவர்கள் காட்டை விற்கப் போகிறவர்கள்!

சென்னிமலைக்காரர் அப்படிச் சொல்ல வேண்டாம். வெளியூரில் இருப்பவர், ரோட்டோரக் காடு வைத்திருப்பவர், நாய்த் தொல்லையால் ஆடுகளை இழந்தவர், இவர்களுக்குக் கம்பியோ சங்கிலி வலையோதான் சரி. நானே கட்டிக் கொடுக்கிறேன்.

தாராபுரத்துக்கு: பாம்பு இருப்பது உண்மை, சுருட்டை விரியனும் கண்ணாடி விரியனும் வேலி அடியில்தான் படுக்கும். அதனால்தான் கையை விடுமுன் கவைக்கோலால் தட்டி, முள்ளைக் கவையால் தூக்கி, பிறகு அரிவாள் போட வேண்டும். கடித்தால் நேரே அரசு மருத்துவமனை, பச்சிலை வேண்டாம். ஆனால் எலியைத் தின்பதும் அதே பாம்புதானே.

இரண்டு தரப்புக்கும் ஏற்ற வழி ஒன்று இருக்கிறது. கிளுவை நட்ட வரிசைக்கு உள்பக்கம் மூன்றடி தள்ளி, தனிக் காலில் இரண்டு மூன்று வரிசைக் கம்பி இழுங்கள். போத்து பிடித்து அடர்ந்ததும் கம்பியைச் சுருட்டி அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோங்கள். கிளுவைக்கு நடுவே மட்டும் கம்பியை ஓட்டாதீர்கள், பல்லடத்துக்காரர் படும் பாடு உங்களுக்கும் வரும்.

இதற்கு மேல் கிளுவையா கம்பியா என்று வந்த கடிதங்களை எடுக்கவில்லை. இருபதுக்கும் மேல் இருக்கின்றன, வாதம் ஒன்றேதான்.

ராமநாதபுரம்: எங்கள் ஊரில் வேலிக்காத்தான்தான் (சீமைக்கருவேலம்) வேலியே. கோடையில் காயை ஆடு தின்கிறது, கட்டை கரிக்குப் போகிறது. ஏன் பிடுங்க வேண்டும்?

உங்கள் ஊர் நிலைமை வேறு, கரிமூட்டத்தை நம்பிக் குடும்பங்கள் இருக்கின்றன. காயும் நல்ல தீனிதான். ஆனால் முழுக் காயாகப் போடாதீர்கள். விதை சாணியிலும் புழுக்கையிலும் சேதமில்லாமல் வெளியே வந்து, போகிற இடமெல்லாம் முளைக்கும். இடித்து மாவாக்கி, மற்ற தீவனத்தோடு கொஞ்சமாகக் கலந்து கொடுங்கள். நாள்கணக்கில் அதையே தின்ற மாட்டுக்குத் தாடை நரம்பு கெட்டு, அசைபோட முடியாமல் போகும்.

அவிநாசி: சீமைக்கருவேலத்துக்கு உப்பு போடலாமா?
கரூர்: மண்ணெண்ணெய்?
ஒட்டன்சத்திரம்: வெட்டியும் வெட்டியும் துளிர்க்கிறது, என்ன மருந்து?

மூவருக்கும்: மேலே மூலனூருக்கு எழுதியதைப் படியுங்கள். ஒரு அடி தோண்டுங்கள்.

சத்தியமங்கலம்: வேலியை மொத்தமாகத் தீ வைத்துவிட்டால் சுத்தமாகிவிடுமே?

வேண்டாம். காட்டோரத்தில் இருக்கிறீர்கள், தீ எங்கே நிற்கும் என்று யாரும் சொல்ல முடியாது. வேலிக்குள் உடும்பு இருக்கும், அடைகாக்கும் மயில் இருக்கும். எரித்தாலும் சீமைக்கருவேலம் அடியிலிருந்து துளிர்க்கும், கிளுவைதான் சாகும். கம்பி மேல் பூசிய துத்தநாகமும் போய்விடும்.

அதே ஊர்: பன்றி வருகிறது. கரண்ட் வேலி?

வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் கொடுப்பது கொலைக் குற்றத்தில் கொண்டுபோய்விடும். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே அப்படி வைத்த வேலியில் 3 யானைகள் இறந்தன. சூரிய சக்தியில் ஓடும், விட்டுவிட்டு அதிர்வு கொடுக்கும் தரச்சான்று பெற்ற கருவி மட்டும்தான் வைக்கலாம். அதற்கும் முதலில் வனத்துறை அலுவலகத்தில் கேட்டு அனுமதி வாங்குங்கள். பதிவுக்கு விதிகள் இருக்கின்றன.

சாவகச்சேரி: ஐயா, எங்கட பக்கம் கிளுவையும் சீமைக்கிளுவையும் கதியாலாக (வேலிப் போத்தாக) நடுவோம். ஆடு பட்டையைக் கடித்துவிடுகிறது.

சீமைக்கிளுவைக் குழை ஆட்டுக்கு நல்ல தீனி, அதனால்தான் விடாது. புதுக் கதியாலின் அடியில் மூன்றடி உயரத்துக்குப் பனையோலையை இறுக்கிக் கட்டுங்கள். பக்கத்தில் ஆடாதோடை ஒரு வரிசை நட்டால் ஆடு அதைத் தொடாது, வேலியை நெருங்குவதும் குறையும்.

கொடுமுடி: வேலி சுத்தம் செய்து உன்னிச்செடியை வெட்டிக் குவித்தோம். மாட்டுக்குக் கண் மஞ்சளாகி, வெயில் பட்ட இடத்தில் தோல் உரிகிறது.

வாடிய உன்னி இலையைத் தின்றிருக்கும். காய்ந்தாலும் அதன் நஞ்சு போகாது, ஈரலைத்தான் தாக்கும். மாட்டை உடனே இருட்டான நிழலில் கட்டி, மருத்துவரை வரவழையுங்கள். குவியலை இன்றே அப்புறப்படுத்துங்கள்.

காங்கயம்: போன மாதம் கம்பி வேலி பிரித்தோம் அய்யா. இப்போது பசு தீனி எடுக்கவில்லை. முதுகைக் கூனிக்கொண்டு நிற்கிறது, முன்னங்கால் முட்டியை வெளியே அகட்டி வைக்கிறது. இறக்கத்தில் நடக்க மறுத்து முனகுகிறது. சுக்குக் கசாயம் கொடுத்தால் சரியாகும் என்று அம்மா சொல்கிறார்.

கசாயம் வேண்டாம் தம்பி. இதைப் படித்ததும் கால்நடை மருத்துவரை அழையுங்கள், கம்பி பிரித்ததையும் சொல்லுங்கள். அவர் காந்தம் விழுங்கவைப்பதா, வேறு சிகிச்சையா என்று முடிவு செய்வார். அதுவரை நடக்கவிடாமல், முன்பக்கம் உயரமான இடத்தில் கட்டிவையுங்கள். கழுத்துக்கடியில் நீர் கோத்து வீங்கியிருந்தால் அதையும் சொல்லுங்கள். மற்ற மாடுகளை அந்தப் பக்கம் விடாதீர்கள், காந்தம் இழுத்து முடிக்கும்வரை.

ஊதியூர்: கடவு எவ்வளவு அகலம் விட வேண்டும்?

மாட்டுக்கு மட்டும் என்றால் ஐந்தடி. டிராக்டர் வரவேண்டும் என்றால் பன்னிரண்டு. மூலையை ஒட்டி வையுங்கள், ஓட்டிவரும் மாடு தானாக அங்கே வந்து சேரும். படல் உள்பக்கம் திறக்கட்டும்.