இதய வால்வுத் தொற்றுக்கு வெளிநாடு சென்று சிகிச்சை பெறலாமா?

இரத்தத்தில் கலந்த கிருமிகள் இதய வால்வில் ஒட்டிக்கொண்டு கட்டியாக வளர்வதே வால்வுத் தொற்று. வால்வில் இரத்தக் குழாய்கள் மிகக் குறைவு என்பதால் உடலின் எதிர்ப்பு அணுக்கள் அங்கே எளிதில் சென்று சேர்வதில்லை. ஆகவேதான் பெரும்பாலும் 4 முதல் 6 வாரங்கள் வரை இரத்த நாளம் வழியாக ஆன்டிபயாடிக் ஏற்ற வேண்டியிருக்கிறது. தொட்டிக் குழாயின் வாயில் படிந்த பாசி ஓடும் தண்ணீரில் கரையாது, ஆனால் பெயர்ந்தால் தொலைவில் போய் அடைத்துக்கொள்ளும். அதுபோல, வால்வுக் கட்டி பெயர்ந்தால் அடைபடுவது மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயாகவும் இருக்கலாம்.

வங்கதேசத்திலிருந்து வேலூருக்குச் சிகிச்சைக்காக வந்தோர் ஏராளம். என்றாலும், மருந்து தொடங்குமுன் எடுத்த இரத்தக் கல்ச்சர் (எந்தக் கிருமி என்று கண்டறியும் இரத்தச் சோதனை) முடிவும் எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட்) பதிவும் விமானச் சீட்டைவிட முக்கியம் என்பேன். விசா வரும் வரை மருந்தை நிறுத்திவைப்பது பேராபத்து.

காய்ச்சல் விட்டதும் பயணப்படலாம் என்று பலர் நினைக்கிறார்கள். காய்ச்சல் தணிந்த பின்னும் கட்டி வால்வில் ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும்.