ஒன்பது அலகுக்கு எண்ணூறு ரூபாவா? – வாசகர் கேள்வி பதில்

முன்னைய ஓர் இதழில் மின்கட்டணம் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தோம். அதற்குப் பின் திருகோணமலை நகரிலிருந்தும் சுற்றூர்களிலிருந்தும் வந்த கடிதங்களில் ஐந்தைத் தேர்ந்து 2024 செப்டெம்பர் இதழில் பதில் தந்தோம். கணக்குகள் யாவும் 2024 ஜூலை 16ஆம் திகதி நடைமுறைக்கு வந்து அவ்வேளை இருந்த வீட்டுப் பாவனைக் கட்டணத்தின்படி, வரி நீங்கலாகப் போடப்பட்டவை; அதன் பின் கட்டணம் மாறிவிட்டது.

கேள்வி: நானும் என் தங்கையும் உவர்மலையில் அடுத்தடுத்த வளவுகளில் இருக்கிறோம். இரண்டு வீட்டிலும் நான்கு பேர், ஒரு பிரிட்ஜ், மூன்று ஃபேன், ஒரு தண்ணீர் மோட்டர். ஆகஸ்டில் 30 நாளுக்கு எனக்கு 88 அலகு (யூனிட்), அவளுக்கு 97 அலகு. எனக்கு 1,804 ரூபா வந்த பட்டியல் அவளுக்கு 2,650 ரூபா வந்திருக்கிறது. ஒன்பது அலகுக்கு எண்ணூற்றுச் சொச்சம் ரூபாவா? மானி பிழையா, வாசித்தவர் பிழையா? – உவர்மலை வாசகி

பதில்: இரண்டுமே பிழையில்லை, சகோதரி. உங்கள் தங்கை ஒரு படி ஏறிவிட்டார், அவ்வளவுதான். 2024 ஜூலைக் கட்டணத்தில், மாதம் 60 அலகைத் தாண்டிய வீட்டுக்கு முதல் 60 அலகும் தலா 15 ரூபா, 61 முதல் 90 வரை 18 ரூபா, 91 முதல் 120 வரை 30 ரூபா, 121 முதல் 180 வரை 42 ரூபா, அதற்கு மேலே 65 ரூபா என்று அலகின் விலை ஏறியது. இதைப் பலரும் அறிவார்கள். பலர் கவனிக்காமல் விடுவது பட்டியலில் தனி வரியாக வரும் நிலையான கட்டணத்தை. நீங்கள் நிற்கும் 61–90 படியில் அது 400 ரூபா, தங்கை நிற்கும் 91–120 படியில் 1,000 ரூபா. உங்கள் இருவருக்கும் இடையிலுள்ள 846 ரூபாவில் ஒன்பது அலகின் விலை 246 ரூபா மட்டுமே. மிகுதி 600 ரூபா, 90 என்ற கோட்டைத் தாண்டியதற்கான தொகை. 90 அலகில் நின்ற வீட்டுக்கு 1,840 ரூபா வந்தது, 91இல் நின்ற வீட்டுக்கு 2,470 ரூபா வந்தது. அந்த ஒற்றை அலகு 630 ரூபா பெற்றது.

ஆகவே இரண்டு வீட்டுப் பட்டியலை ரூபாவில் ஒப்பிட்டால் வீண் சந்தேகந்தான் மிஞ்சும். அலகை எடுங்கள், பட்டியலில் உள்ள நாட்களின் எண்ணிக்கையால் வகுங்கள், அதன் பின் ஒப்பிடுங்கள். மானி வாசிப்பவர் ஒரு மாதம் 29 நாளிலும் மறு மாதம் 33 நாளிலும் வருவது வழக்கம். படிகளின் எல்லையும் நாட்கணக்கில் விரியும். 30 நாளுக்கு 60 என்றால் 33 நாளுக்கு 66. எனவே 33 நாளுக்கு 97 அலகு வந்த வீடு, 30 நாளுக்கு 90 அலகு வந்த வீட்டைவிடச் சிக்கனமாகவே இருந்திருக்கிறது.

தங்கை குறைக்க வேண்டியது ஏழு அலகுதான். ஏழு அலகு எங்கே ஒளிந்திருக்கும் என்று கேட்டால், நான் முதலில் றைஸ் குக்கரைத்தான் பார்ப்பேன். காலை எட்டு மணிக்குச் சோறு வெந்து சுவிட்ச் மேலே துள்ளிய பிறகும், பன்னிரண்டு மணிச் சாப்பாடு வரைக்கும் அது சூடு காக்கும் நிலையில் ஏறத்தாழ 50 வாட் இழுத்துக்கொண்டு குந்தியிருக்கும். நாளுக்கு நான்கு மணித்தியாலம் என்றால் மாதம் 6 அலகு. சோறு வெந்ததும் பிளக்கைக் கழற்றி, பானையைத் துணியால் சுற்றி வைத்தால் மத்தியானம் வரை சூடு நிற்கும். எங்கள் பாட்டிமார் வைக்கோற் கூடைக்குள் பானையை வைத்ததும் இதற்குத்தான். அடுத்தது, தொலைக்காட்சியை ரிமோட்டில் அணைத்துவிட்டு அதன் கீழே இருக்கும் டிஷ் பெட்டியை இருபத்துநான்கு மணித்தியாலமும் உயிரோடு விடுவது. பெட்டி 10 வாட் இழுத்தால் மாதம் 7 அலகு. தங்கையின் ஏழு அலகு இதிலேயே தீர்ந்துவிடும், யாரும் வியர்க்க வேண்டியதில்லை.

ஃபேனைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெக்கையான கச்சான் காற்று அடிக்கும் ஆகஸ்டில் ஃபேனை நிறுத்தச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள், நானும் கேட்கமாட்டேன். சாதாரண ஃபேன் 70 வாட் எடுக்கும். இரவு பத்து மணித்தியாலம் ஓடினால் மாதம் 21 அலகு, மூன்று அறைக்கு 63 அலகு. அதாவது உங்கள் இருவர் வீட்டிலும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கரண்ட் தலைக்கு மேலே சுழல்கிறது. புதிதாக வாங்கும்போது 30 வாட் அளவில் ஓடும் பி.எல்.டி.சி. (தூரிகையில்லா டி.சி. மோட்டர்) வகை ஃபேனை வாங்கினால் ஒன்றுக்கு மாதம் 12 அலகு மிஞ்சும். பழையதைக் கழற்றி எறியச் சொல்லவில்லை. மோட்டரின் கம்பிச் சுருள் எரிந்து மாற்ற வேண்டி வரும் நாளில் இதை நினைவில் வையுங்கள். சுவரில் பெரிய பெட்டி போல இருக்கும் பழைய ரெகுலேட்டர் கையால் தொட்டால் சுடும். அந்தச் சூடு நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கரண்ட். அதை எலக்ட்ரோனிக் ரெகுலேட்டராக மாற்றுவது இன்றே செய்யக்கூடிய வேலை.

கேள்வி: எங்களுடையது சிறிய வீடு. மாதம் 55, 58 அலகு என்று வந்துகொண்டிருந்தது. இம்முறை 30 நாளுக்கு 63. பட்டியல் ஏறத்தாழ இரட்டிப்பாகிவிட்டது. – கிண்ணியா வாசகர்

பதில்: மேலே சொன்ன படிகளில் மிகவும் கொடுமையானது உங்கள் காலடியில் இருப்பதுதான். 2024 ஜூலைக் கட்டணத்தில் 60 அலகுக்குள் நின்றால் முதல் 30 அலகு 6 ரூபா, அடுத்த 30 அலகு 9 ரூபா, நிலையான கட்டணம் 250. மொத்தம் 700 ரூபா. அந்தக் கோட்டைத் தாண்டியதும் 6 ரூபாவும் 9 ரூபாவும் மறைந்து, முதல் அலகிலிருந்தே 15 ரூபா கணக்கு தொடங்கியது. 63 அலகுக்கு 1,354 ரூபா. மூன்று அலகின் விலை 654 ரூபா.

உங்களைப் போன்ற வீடுகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். மானி வாசித்துப் போன நாளை நாட்காட்டியில் குறித்து, வாரத்துக்கு ஒரு தடவை மானி எண்ணை அதன் பக்கத்தில் எழுதுங்கள். வாரம் 14 அலகு உங்கள் எல்லை. மூன்றாவது வாரம் 45ஐத் தொட்டுவிட்டது என்று தெரிந்தால், கடைசி வாரத்தில் அயன் பண்ணுவதை ஒத்திப்போடலாம், மோட்டர் போடும் நேரத்தைச் சுருக்கலாம். பட்டியல் வந்த பிறகு கவலைப்படுவதால் ஒரு சதமும் திரும்பி வராது.

கேள்வி: இரவு பத்தரைக்குப் பிறகு அயன் பண்ணினால் கரண்ட் மலிவு என்று அயல்வீட்டார் சொல்கிறார்கள். தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு செய்கிறோம். பட்டியல் குறையவில்லையே? – பாலையூற்று வாசகி

பதில்: குறையாது, தூங்குங்கள். நேரத்துக்கு ஒரு விலை என்ற கட்டண முறை தனியாக உண்டு. அதில் காலை 5.30 முதல் மாலை 6.30 வரை ஒரு விலை, மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை மிகக் கூடிய விலை, இரவு 10.30 முதல் காலை 5.30 வரை மிகக் குறைந்த விலை. அந்த முறைக்கு விண்ணப்பித்து, அதற்கான மானி பூட்டியவர்களுக்கே அது பொருந்தும். சாதாரண வீட்டு மானி அலகைக் கூட்டத்தான் அறியும், நேரத்தை அறியாது. மாலை வேளையில் பாரமான சாதனங்களைத் தவிர்ப்பது நாட்டுக்கு நல்லது, அந்நேரத் தேவையை ஈடுகட்டத்தான் விலை கூடிய எண்ணெய் எரிக்கும் நிலையங்களை ஓட்டுகிறார்கள். ஆனால் அந்த நன்மை உங்கள் பட்டியலில் தெரியாது. அயனில் மிச்சம் பிடிக்க வேண்டுமானால் தினம் ஒரு சட்டைக்காகப் பெட்டியைச் சூடாக்காமல், கிழமைக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் சேர்த்துச் செய்யுங்கள்.

கேள்வி: வெருகல் திருவிழாவுக்குக் குடும்பமாகப் போய் இரண்டு நாள் கழித்து வந்தோம். வீட்டில் ஒருவரும் இல்லை, பிரிட்ஜ் மட்டுந்தான் போட்டிருந்தது. மானி 5 அலகு ஓடியிருக்கிறது. வயரிங்கில் கசிவா? வீடு கடற்கரைக்குப் பக்கத்தில், பிரிட்ஜுக்குப் பத்து வயது. – உப்புவெளி வாசகர்

பதில்: போகும்போதும் வரும்போதும் மானியைப் பார்த்தீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். 48 மணித்தியாலத்தில் 5 அலகு என்பது ஓயாமல் எரியும் ஒரு 100 வாட் குண்டு பல்புக்குச் சமம். மாதத்துக்கு 75 அலகு. ஆளில்லாத வீடே 60 என்ற கோட்டைத் தாண்டிவிடுகிறது!

நல்ல நிலையில் உள்ள நடுத்தர பிரிட்ஜ் நாளுக்கு ஒரு அலகு, கூடினால் ஒன்றரை அலகு எடுக்கும். உங்கள் கணக்கில் குறைந்தது இரண்டு அலகு மிகுதி. முதலில் கசிவைச் சோதியுங்கள். எல்லாப் பிளக்குகளையும் கழற்றி, எல்லா சுவிட்சுகளையும் அணைத்து, பிரதான சுவிட்சை மட்டும் போட்டபடி விட்டு மானியின் சிவப்பு விளக்கைப் பாருங்கள். கால் மணி நேரத்துக்கு ஒரு தடவையும் சிமிட்டாவிட்டால் வயரிங்கில் பெரிய கசிவு இல்லை. (சில மானிகளில் மின்னோட்டம் இல்லாதபோது அந்த விளக்கு அணையாமல் நிலையாக எரியும், பயப்பட வேண்டாம், சிமிட்டுவதே கணக்கு.) தொடர்ந்து சிமிட்டினால் நீங்களே கை வைக்காமல் தகுதியுள்ள மின்னியலாளரை அழையுங்கள்.

பிறகு பிரிட்ஜை மட்டும் போடுங்கள். மானியின் முகப்பில் ஒரு அலகுக்கு எத்தனை சிமிட்டல் என்று அச்சிட்டிருக்கும். 1,600 என்று இருந்தால், 32 விநாடிக்கு ஒரு சிமிட்டல் 70 வாட்டைக் குறிக்கும். பிரிட்ஜின் கொம்பிரஸர் ஓடுவதும் நிற்பதும் ஏறத்தாழ சரிபாதியாக இருந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. நிற்காமலே ஓடுகிறதென்றால் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். உப்புக்காற்றில் கறள் பிடித்து, அதன்மேல் தூசியும் ஒட்டடையும் அப்பிய கம்பிச் சுருள் சூட்டை வெளியே விடாது. பிளக்கைக் கழற்றிவிட்டு மெல்லிய தூரிகையால் துடைத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்; மாலை வெயில் சுடும் மேற்குச் சுவராக இருந்தால் இடத்தையே மாற்றுங்கள். கதவு ரப்பரின் இடையில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தாள் வழுக்கிக்கொண்டு வந்தால் குளிரும் அவ்வழியே வெளியே வருகிறது.

பிரிட்ஜே குற்றவாளி என்று முடிவு கட்டிவிடவும் வேண்டாம். என் வீட்டில் ஒரு வருடமாக பிரிட்ஜைத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால், மேல் தாங்கியின் மிதவை சரியாக மூடாமல் தண்ணீர் பின்பக்க வாழைக்கு வழிய, தானாக இயங்கும் மோட்டர் நடுச்சாமத்தில் எழுந்து எழுந்து ஓடிக்கொண்டிருந்தது. வாழை மட்டும் நல்ல குலை தந்தது.

கேள்வி: காஸ் சிலிண்டர் (2024 செப்டெம்பரில்) 3,690 ரூபா. இன்டக்‌ஷன் அடுப்புக்கு மாறினால் இலாபமா? 12.5 கிலோ சிலிண்டர் எங்களுக்கு ஒன்றரை மாதம் வரும். கூரையில் சோலார் போட்டால் எப்படி? மாதம் 100 அலகு பாவிக்கிறோம். – நிலாவெளி வாசகர்

பதில்: ஒரு சிலிண்டரில் உள்ள வெப்பம் ஏறத்தாழ 160 அலகு மின்சாரத்துக்குச் சமம்; ஆனால் காஸ் அடுப்பில் பாதி வெப்பம் சட்டியின் பக்கவாட்டால் காற்றோடு போய்விடும். இன்டக்‌ஷனில் அவ்வளவு வீணாவதில்லை என்பதால் அதே சமையலை 90 அலகு அளவில் முடிக்கலாம். உங்கள் கணக்கில் மாதம் 60 அலகு. 2024 ஜூலைக் கட்டணத்தில் 100 அலகில் நிற்கும் வீடு 160க்குப் போனால் பட்டியல் 2,740 ரூபாவிலிருந்து 5,520 ரூபாவாகும், 2,780 ரூபா கூடும். காஸுக்கு மாதம் செலவாவது 2,460 ரூபா. ஆகவே உங்களுக்கு நட்டம். 40 அலகில் நிற்கும் வீட்டுக்கு இதே மாற்றம் 2,220 ரூபாவில் முடியும். அங்கே சிறிது மிஞ்சும். ஆனால் மண்சட்டியும் அலுமினியச் சட்டியும் அந்த அடுப்பில் வேலை செய்யா, காந்தம் ஒட்டும் அடியுள்ள பாத்திரங்கள் புதிதாக வாங்க வேண்டும். மண்சட்டி மீன்குழம்பை விட்டுக்கொடுக்க நம் பக்கத்தில் எத்தனை பேர் உடன்படுவார்களோ தெரியவில்லை.

சோலாரைப் பொறுத்தவரை, நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் தகடு மாதம் 110 முதல் 120 அலகு வரை தரும். உங்கள் தேவை அதிலேயே அடங்குகிறது. 5 கிலோவாட் போடச் சொல்லி வரும் விற்பனையாளர்கள் உங்கள் பட்டியலைப் பார்த்துப் பேசவில்லை. எஞ்சிய அலகை வரவு வைத்துப் பின்னர் கழிக்கும் முறையும், எஞ்சியதற்குப் பணம் பெறும் முறையும் வெவ்வேறு ஒப்பந்தங்கள். எது உங்களுடையது என்பதைக் கையொப்பமிடும் முன் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால், கடனுக்குப் போகும் முன் பத்து அலகைக் குறைத்து 90க்குள் வந்து பார்ப்பேன். அந்தக் கட்டணத்தில் 2,740 ரூபா 1,840 ஆகிவிடும். அதற்குப் பிறகும் போடுவதென்றால், தகட்டைத் தாங்கும் சட்டமும் ஆணிகளும் அலுமினியமா, துருப்பிடிக்காத உருக்கா என்று பாருங்கள். நிலாவெளிக் காற்றில் சாதாரண இரும்பு ஆணி இரண்டு வாடைக்காற்றுப் பருவத்துக்குத் தாங்காது.