முன்பு நீங்கள் நடத்திய இடத்துக்கே விருந்தினராகக் கூப்பிட்டால் போகலாமா?

போங்கள். கேட்கிறீர்கள் என்றால் அழைப்பு வந்துவிட்டது, ஆசையும் இருக்கிறது, விட்டு வந்த விதம்தான் நெருடுகிறது என்று எடுத்துக்கொள்கிறேன். எனக்கும் அதேதான்.

தென்சென்னையில் ஒரு சமுதாய வானொலிக்கு ஆறு வருடம் நிலைய மேலாளராக இருந்தேன். 50 வாட் டிரான்ஸ்மிட்டர், சுற்றிப் பத்து கிலோமீட்டர் எடுத்தால் அதிகம். சொந்தமாகச் செய்தி வாசிக்க அனுமதி கிடையாது, ஆகாசவாணிச் செய்தியை அப்படியே மறு ஒலிபரப்பு செய்யலாம், அவ்வளவுதான். இதற்கா இவ்வளவு பேச்சு என்று யாராவது கேட்பீர்கள், தெரியும். ஆனால் அந்தப் பத்து கிலோமீட்டருக்குள் மீன் விற்கிறவர்களும் தையல்காரர்களும் பென்ஷன்காரர்களும் மாதம் ஐம்பது, நூறு என்று கொடுத்த காசில்தான் கரண்ட் பில் கட்டினோம். ஞாயிறு காலை கொடுத்தவர்கள் பெயரை ஒவ்வொன்றாக வாசிப்போம். தன் பெயர் வரும்வரை அடுப்பை அணைத்துவிட்டுக் காத்திருப்பதாக ஒருவர் சொல்லியிருக்கிறார்.

பெயர் வாசிக்கிற நேரத்தை விளம்பரத்துக்குக் கொடு என்றது நிர்வாகம். மணிக்கு 7 நிமிடம்தான் விளம்பரம் என்பது அப்போதைய விதி, 2024இல் 12 ஆக்கிவிட்டார்கள். அந்த ஏழும் நிரம்பியே ஆகவேண்டும் என்றார்கள். நான் விளம்பரமே கூடாது என்கிறவள் இல்லை, சம்பளம் எங்கிருந்து வரும்? ஆனால் அந்தப் பெயர்களில் கை வைப்பதை என்னால் தாங்க முடியவில்லை. அன்று மாலையே சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஐந்து வருடம் கழித்து, நிலையத்தின் ஆண்டு விழா நேரலைக்குக் கூப்பிட்டாள் ஒரு பெண். என்னிடம் தன்னார்வலராக வந்து மைக் பிடிக்கக் கற்றவள், இப்போது நிகழ்ச்சிப் பொறுப்பாளர். வாசலில் புது வாட்ச்மேன் நோட்டை நீட்டினார். வந்த காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று பேனாவோடு கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே விருந்தினர் நாற்காலி. ஆறு வருடம் கையாண்ட மிக்சரின், அதாவது மைக், பாட்டு ஒலிகளைக் கலக்கும் கருவியின் பின்பக்கத்தை அங்கிருந்துதான் முதல்முறை பார்த்தேன்.

முதல் பத்து நிமிடம் நான் பேசியது சரியில்லை. நிர்வாகம் அப்படிச் செய்தது, இப்படிச் செய்தது என்று நேரலையிலேயே ஆரம்பித்துவிட்டேன். அவள் சத்தமில்லாமல் ஃபேடரை, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் அந்தத் தள்ளுகுமிழை, ஏற்றிப் பாட்டுப் போட்டாள். மைக் நேரலையில் இருப்பதைக் காட்டும் சிவப்பு விளக்கு அணைந்ததும், "அக்கா, நேயர்கள்கிட்ட பேசுங்க, நம்ம விஷயம் அப்புறம்" என்றாள். கோபம் வந்தது. அவள் செய்ததுதான் சரி, நான் அந்தப் பக்கம் இருந்திருந்தாலும் பாட்டுத்தான் போட்டிருப்பேன்.

அப்புறம் ஒரு அழைப்பு. பட்டினப்பாக்கத்திலிருந்து, மீன் விற்கும் அம்மா. "ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லாம போய்ட்டியே, உனக்கு என்ன ஆச்சோன்னு இருந்துச்சு" என்றார். பேரன் வாங்கித் தந்த போனில் ரேடியோவே இல்லையாம், பழைய பட்டன் போனில்தான் இன்னும் எங்களைக் கேட்கிறாராம்.

இதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. இயர்போன் ஒயர்தான் எஃப்.எம்.முக்கு ஆன்டெனா. அதைச் செருகும் ஓட்டையையே எடுத்துவிட்டு விற்கிறார்கள். போனில் எஃப்.எம். வசதி இருந்தால் முடக்காதீர்கள் என்று 2023இல் மத்திய மின்னணு அமைச்சகமே அறிவுறுத்தியது. புயலில் டவர் விழுந்தால் இந்த ஊரில் வேறு எதைக் கேட்பது? டேட்டா வாங்கித்தான் ரேடியோ கேட்க வேண்டும் என்றால் அந்த அம்மா எங்கே போவார்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நிர்வாகத்திடம் நான் கோபித்துக்கொண்டு போனேன். மாதாமாதம் ஐம்பது ரூபாய் கொடுத்தவருக்கு அது எப்படித் தெரியும்? அந்தப் பக்கம் நான் யோசிக்கவே இல்லை. "தப்புத்தான்மா" என்றேன். வேறு வார்த்தை வரவில்லை.

"ஞாயித்துக்கெழமை பேரு இப்ப படிக்கிறதில்லையே, மறுபடி படிப்பீங்களா?" என்று கேட்டார்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். பதில் சொல்லும் அதிகாரம் எங்கள் இருவருக்குமே இல்லை. நான் அந்த அம்மாவின் பெயரைச் சொல்லி நன்றி சொன்னேன். பிறகு பழைய பட்டியலில் நினைவில் நின்ற பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தேன். பதினோரு பெயர் வந்தது. இந்த முறை அவள் பாட்டுப் போடவில்லை.