சும்மா ஓடினால் போதாதா?

கேள்வி: அக்கா, எனக்கு 41 வயது. மூன்று வருடமாகத் தினமும் காலையில் ரேஸ்கோர்ஸில் இரண்டு சுற்று ஓடுகிறேன். ஆபீஸில் இது தெரிந்ததிலிருந்து "எப்ப மாரத்தான்? டைமிங் எவ்வளவு?" என்று ஒரே நச்சரிப்பு. எனக்குப் போட்டியில் ஓடும் ஆசையே இல்லை. இலக்கு இல்லாமல் ஓடுவது வீண்தானா?
– வாசகர், கோவை

பதில்: வீணே இல்லை தம்பி. மூன்று வருடமாக விடியற்காலையில் எழுந்து ஷூ மாட்டுகிறீர்களே, பிடிக்காத வேலையை யாராவது இவ்வளவு நாள் செய்வார்களா?

அந்த மாரத்தான் தூரம் எப்படி வந்தது தெரியுமா? 1908 லண்டன் ஒலிம்பிக்கில் விண்ட்சர் கோட்டையில் ஓட்டத்தைத் தொடங்கி, அரங்கத்தில் அரச குடும்பத்தினர் உட்கார்ந்திருந்த இடத்துக்கு முன்னால் முடித்தார்கள். அளந்தால் 42.195 கிலோமீட்டர். 1921-ல் அதையே நிரந்தரமாக்கிவிட்டார்கள். அதை ஓடி முடிப்பவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் யாரோ எங்கேயோ நாற்காலி போட்டதில் பிறந்த கணக்கை வைத்து உங்கள் காலைப்பொழுதை ஏன் அளக்க வேண்டும்?

நான் மந்தைவெளியிலிருந்து சாந்தோம் வழியாகக் காந்தி சிலை வரை ஓடித் திரும்புகிறவள். முதல் பத்து நிமிடம் இன்றைக்கும் கனமாகத்தான் இருக்கும், கெண்டைக்கால் இறுகிக்கொண்டு, மூச்சு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் என்று இழுக்கும். கலங்கரை விளக்கத்தை நெருங்கும்போது, எந்த அடியில் என்று சொல்லத் தெரியாது, இரண்டும் சேர்ந்துவிடும். மூன்று அடிக்கு மூச்சு உள்ளே, மூன்று அடிக்கு வெளியே. அப்புறம் திருப்பத்தில் கடல்காற்று வந்து கழுத்து வியர்வையில் படும் பாருங்கள், அந்த ஒரு நொடிக்காகவே மறுநாளும் எழுந்து வரலாம். சைக்கிளில் சுக்கு காபி விற்கிறவர் என்னைப் பார்த்ததும் தலையாட்டுவார், நானும் ஆட்டுவேன், ஒரு வருடமாக எங்களுக்குள் அவ்வளவுதான் பேச்சு. மார்கழியில் இன்னும் விசேஷம். வாசல் தெளித்த ஈரம் காயாத தெருவில், கோலத்தை மிதித்துவிடாமல் இந்த ஓரமும் அந்த ஓரமுமாக விலகி விலகி ஓட வேண்டும், எந்த மைதானத்திலும் அப்படி ஒரு ஓட்டம் கிடையாது.

ஆபீஸில் அடுத்த முறை கேட்டால், "நாளைக்கும் ஓடுவேன்" என்று சொல்லுங்கள். ஒருநாள் உங்களுக்கே ஆசை வந்தால் மாரத்தானும் ஓடுங்கள், வராவிட்டால் விடுங்கள்.

கேள்வி: ஓடி முடித்ததும் மனசு லேசாகிவிடுகிறதே, அது எண்டார்பினா? வேகமாக ஓடினால் இன்னும் கூடுமா?
– கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: எல்லோரும் எண்டார்பின் என்றுதான் சொல்லுவோம், வலியைக் குறைக்க உடம்பே சுரக்கும் பொருள் அது. ஆனால் ரத்தத்தில் இருக்கும் எண்டார்பின் மூளைக்குள் எளிதில் நுழைய முடியாது. நுழையக்கூடிய இன்னொரு பொருளை நம் உடம்பே சுரக்கிறது. 1992-ல் அதைக் கண்டுபிடித்தவர்கள் 'ஆனந்தம்' என்ற நம் ஊர்ச் சொல்லிலிருந்தே 'ஆனந்தமைடு' என்று பெயர் வைத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது. மிதமான வேகத்தில் ஓடும்போது ரத்தத்தில் இதன் அளவு கூடுவதை ஆய்வாளர்கள் அளந்தே பார்த்திருக்கிறார்கள். அதனால் மூச்சு முட்ட ஓடத் தேவையில்லை. பக்கத்தில் வரும் தோழியிடம் நேற்று ஹாஸ்டலில் என்ன சாப்பாடு என்று முழு வாக்கியமாகச் சொல்ல முடிகிறதா? அதுதான் சரியான வேகம். வார்த்தை துண்டு துண்டாக வந்தால் குறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு 50 வயது. பள்ளிக்கூடத்தில் ஓடியதுதான் கடைசி. திரும்ப ஓட ஆசை, ஆனால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்று கூச்சமாக இருக்கிறது.
– இல்லத்தரசி, மதுரை

பதில்: ஓடுங்கள் அக்கா! மூட்டுவலியோ, சர்க்கரையோ, ரத்த அழுத்தமோ இருந்தால் முதலில் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு ஒரு நிமிடம் மெதுவாக ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று இருபது நிமிடம், ஒருநாள் விட்டு ஒருநாள். சுடிதாரே போதும், ஷூ மட்டும் காலுக்குச் சரியாக இருக்கட்டும். கூச்சம் எனக்கும் இருந்தது. துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு முதல் நாள் தெருமுனை வரைதான் போனேன். பால் பாக்கெட் போடும் பையன் சைக்கிளை ஓரம் கட்டி வழிவிட்டான், வேறு யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கேள்வி: மழையில் ஓடலாமா?
– வாசகர், கடலூர்

பதில்: இடி மின்னல் இருந்தால் கூடாது. தண்ணீர் தேங்கிய சாலையிலும் வேண்டாம், பள்ளம் தெரியாது. வெறும் தூறல் என்றால் கண்டிப்பாக ஓடுங்கள், ஐப்பசி தூறலில் ஓடுகிற சுகமே தனி. வீட்டுக்கு வந்ததும் ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஃபேனுக்கு அடியில் வையுங்கள். மறுநாள் காலைக்குள் காய்ந்துவிடும்.