தியானத்தில் உட்கார்ந்தால் மனம் ஓடிக்கொண்டே இருக்கிறதே, எப்படி நிறுத்துவது?

கேள்வி இதுதான்: கண்ணை மூடினாலே ஆபீஸ், கடன், பிள்ளைகளின் படிப்பு என்று எல்லாம் முன்னால் வந்து நிற்கிறது. பத்து நிமிடம்கூட மனம் ஒரு இடத்தில் நிற்பதில்லை. உள்ளுக்குள் அமைதியும் கவனமும் வர என்ன செய்ய வேண்டும்?

எனக்குத் தெரிந்த முறையிலிருந்து மட்டும் சொல்கிறேன். கோயங்கா குருஜி வழியில் வந்த விபாசனா (உடம்பில் இயல்பாக நடப்பதை அப்படியே கவனிக்கிற தியான முறை) பத்து நாள் முகாமில் கற்றுக்கொண்டது. வீட்டில் காலையில் உட்கார்ந்து வருகிறேன். மனவளக்கலை, ஈஷா, பிரம்ம குமாரிகள் என்று வேறு வழிகளில் இருப்பவர்கள் அவரவர் அனுபவத்தைத் தனியாக எழுதட்டும். நாலைந்து முறைகளைக் கலந்து செய்வது எதிலும் ஊன்ற விடாது என்பது என் எண்ணம்.

மனதை நிறுத்தப் பார்க்காதீர்கள். அதற்கு ஒரு வேலை கொடுங்கள். வேலை எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது.

முகாமில் முதல் மூன்று நாள் முழுக்க, நாலாம் நாள் மதியம் வரைக்கும், ஆனாபானா மட்டும்தான். மூக்கு வழியாக மூச்சு போவதையும் வருவதையும் பார்க்க வேண்டும். பிராணாயாமம் கிடையாது, இழுத்து விடுவதோ அடக்குவதோ இல்லை. மூச்சு நீளமாக இருந்தால் நீளம், குட்டையாக இருந்தால் குட்டை, இடது நாசியில் ஓடினால் இடது. மந்திரம் சொல்லக் கூடாது, மூச்சை ஒன்று, இரண்டு என்று எண்ணக் கூடாது, சாமி உருவத்தை நினைக்கக் கூடாது. இதைக் கேட்டு நம் ஊர்க்காரர்கள் பலர் முகம் சுளிப்பார்கள். இப்படி வேண்டாம் என்பதற்கு முகாமில் சொல்லும் காரணம் எனக்குச் சரியாகவே படுகிறது: ஒரு சொல்லையோ உருவத்தையோ பிடித்துக்கொண்டால் மனம் சீக்கிரமே ஒருமுகப்படும், ஆனால் உடம்பில் இயல்பாக நடப்பது அதன் அடியில் மறைந்துபோகும். இந்த முறைக்கு அந்த இயல்பான உணர்ச்சிதான் தேவை.

நாளாக ஆக, கவனிக்கும் இடத்தைச் சுருக்கிக்கொண்டே போவார்கள். தொடக்கத்தில் மூக்கு முழுவதும். பிறகு மூச்சு தொடுகிற இடம். கடைசியில் நாசித் துவாரத்துக்குக் கீழே, மேலுதட்டுக்கு மேலே இருக்கிற அந்தச் சின்ன இடம் மட்டும். இடம் பெரிதாக இருந்தால் மனம் அதற்குள்ளேயே சுற்றித் திரியும். சின்னதாக ஆக்கிவிட்டால், அங்கே நடப்பது மிக மெல்லியதாக இருப்பதால், கூர்மையாக்கிக்கொள்ளாமல் மனதால் எதையும் பார்க்க முடியாது. எனக்கு முதலில் பிடிபட்டது மூக்குத்திதான். மூச்சு உள்ளே போகும்போது நாசிக்குள் இருக்கும் திருகாணி சில்லென்று ஆகும். வெளியே வரும்போது அந்தக் குளிர்ச்சி போய்விடும். எத்தனையோ வருஷமாகப் போட்டிருக்கிற மூக்குத்தி, அது நாள் முழுக்க இப்படிக் குளிர்ந்து குளிர்ந்து மாறுவது அதுவரை தெரியவே தெரியாது. மூக்குத்தி இல்லாதவர்களுக்கு நாசி ஓரத்தில் அரிப்பு, லேசான சூடு, துடிப்பு என்று ஏதாவது தெரியும். எதுவுமே தெரியாவிட்டால் வேண்டுமென்றே நாலு மூச்சு கொஞ்சம் பலமாக விட்டுவிட்டு, மறுபடி இயல்பான மூச்சுக்கு வந்துவிடலாம்.

இனி ஓடுகிற விஷயம். ஓடத்தான் செய்யும். ஒரு நாள் காலை அடுப்பில் குக்கரை வைத்துவிட்டு உட்கார்ந்தேன் (உட்காரக் கூடாது, ஆனால் நம் காலை நேரம் அப்படி). விசில் வந்தது. விசிலிலிருந்து கேஸ் சிலிண்டர், அதிலிருந்து புக்கிங், புக்கிங்கிலிருந்து ஆதார் இணைப்பு, அங்கிருந்து எப்போதோ போன ஒரு அலுவலகம், அங்கே நிமிர்ந்துகூடப் பார்க்காமல் “நாளைக்கு வாங்க” என்ற ஒருவர். அன்றைக்குச் சொல்லாத பதிலை அவருக்கு இப்போது உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன், தோள் இறுகிவிட்டது, பல்லைக் கடித்திருக்கிறேன். விசில் வந்து நாலைந்து மூச்சுகூட ஆகியிருக்காது.

இதில் பார்க்க வேண்டியது, எந்த இடத்தில் நமக்கு உறைக்கிறது என்பது. புதிதில் அந்த ஆளிடம் சண்டை முடிந்து, நாம் ஜெயித்தும் ஆன பிறகுதான் “அட, மூச்சு எங்கே?” என்று தோன்றும். பழகப் பழக ஆதாரிலேயே பிடித்துவிடுவோம். நல்ல நாளில் சிலிண்டரில். அபூர்வமாக, விசில் வெறும் சத்தமாகவே வந்து போய்விடும். நான் தியானத்தின் முன்னேற்றத்தை இதை வைத்துத்தான் பார்க்கிறேன். “இன்றைக்கு மனம் அமைதியாக இருந்ததா?” என்று பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும், அது அன்றைய தூக்கத்தையும் வயிற்றையும் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும். எவ்வளவு சீக்கிரம் பிடித்தோம் என்பது மட்டும் மெதுவாக, ஆனால் நிச்சயமாக, மாறும். பிடித்ததும் “சே, மறுபடியும் ஓடிவிட்டதே” என்று நொந்துகொள்ளாதீர்கள். அந்த நொந்துகொள்ளலும் இன்னொரு ஓட்டம்தான். அப்படியே மூச்சுக்குத் திரும்புங்கள்.

அமைதியைத் தேடிப் போக வேண்டாம் என்பதற்கு இந்த மரபிலேயே ஒரு கதை உண்டு. கோயங்கா 1924-இல் பர்மாவின் மாண்டலேயில், இந்திய வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். கடுமையான ஒற்றைத் தலைவலிக்காக மார்ஃபின் ஊசி போட்டுக்கொள்ளும் நிலை. 1955-இல் சயாஜி ஊ பா கின் என்ற பர்மியத் தியான ஆசிரியரிடம் போனார். தலைவலி தீர வேண்டும் என்று மட்டும் வந்தால் சேர்க்க மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டாராம். நோய் தீருவது பக்க விளைவாக நடக்கலாம், அதையே குறியாக வைக்கக் கூடாது என்று. கோயங்கா பிறகு அவரிடமே பயின்று, 1969-இல் இந்தியா வந்து பம்பாயில் முதல் முகாம் நடத்தினார். 1976-இல் மகாராஷ்டிரத்தில் இகத்புரி மையம் வந்தது.

இந்த ஊ பா கின் துறவி இல்லை. 1948-இல் பர்மா விடுதலை அடைந்தபோது அந்த நாட்டின் அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆனவர். அலுவலகத்திலேயே ஊழியர்களுக்குத் தியானம் சொல்லிக்கொடுத்தவர். நானும் கணக்கு எழுதிப் பிழைப்பவள் என்பதால் இதில் எனக்கு ஒரு தனிப் பிரியம். மார்ச் மாதக் கடைசியில் “குடும்பம், வேலை என்று இருப்பவர்களுக்கு இதெல்லாம் சரிப்படாது” என்று தோன்றும்போது அவரை நினைத்துக்கொள்வேன்.

வீட்டில் செய்வதற்குச் சில விஷயங்கள். சாப்பிட்டவுடன் வேண்டாம், பொங்கலுக்குப் பிறகு உட்கார்ந்தால் வருவது தியானம் அல்ல, தூக்கம். போனை வேறு அறையில் வையுங்கள், சைலண்டில் போட்டு மடியில் வைத்தால் பாதிக் கவனம் அதில்தான் இருக்கும். சம்மணம் போட்டால் முட்டி வலிக்கிறதா, இடுப்புக்குக் கீழே தடிமனாக ஏதாவது மடித்துப் போடுங்கள், முட்டி தானாகத் தாழும். அதுவும் முடியாவிட்டால் நாற்காலி. முகாமிலேயே தேவைப்படுபவர்களுக்கு நாற்காலி தருவார்கள். முதுகு மட்டும் நேராக இருக்கட்டும். தூக்கம் வந்தால் எழுந்து முகம் கழுவி நாலு நடை நடந்துவிட்டு வாருங்கள். பின்னணி இசை, புல்லாங்குழல், அருவிச் சத்தம் ஆகியவற்றை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மனம் அதை ரசிக்கப் போய்விடும்.

பத்து நிமிடம்கூட முடியவில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். குழந்தைகளுக்கான ஆனாபானா வகுப்புகளில் காலை பத்து நிமிடம், மாலை பத்து நிமிடம் என்றுதான் சொல்லி அனுப்புகிறார்கள். நீங்களும் அதிலிருந்தே தொடங்கலாம். முகாம் முடித்தவர்களுக்குக் காலை ஒரு மணி, மாலை ஒரு மணி என்பது விதி. குடும்பஸ்தர்களில் அதை அப்படியே கடைப்பிடிப்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

முகாம் போக ஆசை இருந்தால்: சென்னைக்குப் பக்கத்தில் திருமுடிவாக்கத்தில் தம்ம சேது மையம் இருக்கிறது. விடிகாலை 4 மணிக்கு மணி அடிப்பார்கள், இரவு 9:30-க்கு விளக்கு அணைப்பார்கள். மதியச் சாப்பாடு 11 மணிக்கு, அதற்குப் பிறகு புதியவர்களுக்கு மாலை 5 மணிக்கு டீயும் பழமும்தான். பேச்சு, படிப்பு, எழுத்து, போன் எதுவும் கிடையாது. பத்தாம் நாள்தான் மௌனம் கலையும். கட்டணம் இல்லை, முடித்தவர்கள் விரும்பினால் நன்கொடை தரலாம், முடிக்காதவர்கள் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். மாலைச் சொற்பொழிவைத் தமிழிலும் கேட்கலாம். இரண்டாம் நாளும் ஆறாம் நாளும் பெட்டியைக் கட்டத் தோன்றும் என்று சொல்லியே அனுப்புவார்கள், தோன்றும்தான்.

மன அழுத்தம், பதற்ற நோய் போன்றவற்றுக்குச் சிகிச்சையில் இருப்பவர்கள் மட்டும் அவசரப்பட வேண்டாம். இத்தனை மணி நேர மௌனம் எல்லோருக்கும் ஒத்துவராது. விண்ணப்பத்தில் அதைப் பற்றிக் கேட்பார்கள், மறைக்காமல் எழுதுங்கள், முதலில் டாக்டரிடமும் கேட்டுவிடுங்கள். தியானம் செய்கிறோம் என்று மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.